பழைய ஜீப்பில் ஆயில் ஒழுகினால்: சீலா, ரிங்கா, முழு வேலையா, வேறு எஞ்சினா?

போடி பக்கம் இருக்கும் ஒரு நண்பர் போன வாரம் கேட்டார். 1994 மாடல் மஹிந்திரா எம்எம் 540. ராத்திரி நிறுத்திய இடத்தில் காலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் கிடக்கிறது, ஏற்றத்தில் நீலப் புகை வருகிறது. ஒரு மெக்கானிக் "பின் சீல் போயிடுச்சுண்ணே" என்கிறார், அதாவது எஞ்சினின் பின்முனையில் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். இன்னொருவர் "எஞ்சினே முடிஞ்சுது, செட் போட்டுடலாம்" என்கிறார், அதாவது பிஸ்டன், லைனர், பேரிங் எல்லாம் மாற்றும் முழு எஞ்சின் வேலை. மூன்றாமவரிடம் கழட்டி வைத்த பொலிரோ டிஐ எஞ்சின் ஒன்று இருக்கிறதாம், மாற்றி ஏற்றிவிடலாம் என்கிறார். மூன்று பேரும் அனுபவசாலிகள்தான், மூன்று பேரும் ஆளுக்கொரு பட்ஜெட் சொல்கிறார்கள், நண்பருக்குத் தலை சுற்றுகிறது.

கொல்லிமலை, வால்பாறை, கொடைக்கானல் கீழ்மலை என்று மலையில் பழைய ஜீப் வைத்திருக்கும் பலருக்கும் இதே குழப்பம்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: ஆயில் ஒழுகுவது வேறு, ஆயில் எரிவது வேறு. இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்து வைத்தியம் பார்த்தால் பணம் இரண்டு தடவை போகும். எனக்குப் போயிருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவு செய்வது

விலையை முதலில் பார்க்காதீர்கள். நான் பார்க்கிற வரிசை இது.

முதலாவது, ஆயில் பிரஷர். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) பேரிங்கும் ஆயில் பம்ப்பும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை இதுதான் சொல்லும். இரண்டாவது பேக் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் காற்று. ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) லைனரும் (பிஸ்டன் ஓடும் குழாய்) எவ்வளவு தேய்ந்தன என்பது இதில் தெரிந்துவிடும். மூன்றாவது, வண்டி போகிற பாதை. தேனி பஜாருக்கும் வீட்டுக்கும் ஓடுகிற ஜீப்பும், காப்பித் தோட்டத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு லோ கியரில் ஏறுகிற ஜீப்பும் ஒன்றல்ல. நின்றுவிட்டால் உதவி வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பதையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்காவது, இன்னும் எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள், ஆர்சி எப்போது முடிகிறது. பணம் இதற்கெல்லாம் அப்புறம்தான்.

## அளக்காமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்

எஞ்சினை டீசல் போட்டு நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைத் தூவி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஆயில் காற்றில் பின்னாலும் கீழேயும் பரவும். அதனால் ஈரமாக இருக்கும் இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அதுதான் ஊற்று. எஞ்சின் தலையில் மூடியிருக்கும் டேப்பட் கவர் பேக்கிங்கில் கசிகிற ஆயில் எஞ்சின் முதுகு வழியே இறங்கி எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் அடியில் சொட்டும், பார்ப்பவர் பின் சீல் என்று முடிவு கட்டிவிடுவார். இந்த ஒரு தவறினால் மட்டும் எத்தனை கியர் பாக்ஸ் வீணாக இறங்கியிருக்கும்!

பெல் ஹவுசிங் அடியில் சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை அடிக்கும், பிசுபிசுப்பும் கூடுதல். அந்த வாடை வந்தால் கசிவது கியர் பாக்ஸ் முன் சீல், எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டீசல் எஞ்சின் ஆயில் கன்னங்கரேலென்று இருக்கும்.

அடுத்து பேக் கம்ப்ரஷன். எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிட்டு) ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிக் கழற்றி, தலைகீழாக அந்த ஓட்டையின் மேல் சும்மா வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், விட்டு விட்டுப் புகை கக்கினால், ரிங் பக்கம் கோளாறு. ஆனால் இதற்கு முன்னால் எஞ்சின் உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்துவிடுங்கள். சேற்றில் ஓடும் ஜீப்பில் அது அடைந்துபோவது சாதாரணம். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி இல்லாவிட்டால் சம்ப்பில் (எஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அழுத்தம் கூடி, நல்ல சீலைக்கூடத் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். காசு செலவில்லாத இந்த வேலையோடு முடிந்துபோன கசிவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயில் பிரஷருக்கு டேஷ்போர்டு முள்ளை நம்பவேண்டாம். மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை நேராக பிளாக்கில் மாட்டி, அரை மணி நேரம் ஓட்டி, நன்றாகச் சூடான பிறகு படியுங்கள். ஐட்லிங்கில் 1 பார் (அழுத்தத்தின் அளவு), 2000 ஆர்பிஎம்மில் இரண்டரை பாருக்குக் குறையாமல் இருந்தால் கிராங்க்கும் பேரிங்கும் உள்ள கீழ்பாகம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக, சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் டீசல் கம்ப்ரஷன் கேஜ். நல்ல எஞ்சினில் 25 பாரும் அதற்கு மேலும் காட்டும், 20க்குக் கீழே போனால் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ய மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். மொத்த எண்ணைவிட நாலு சிலிண்டருக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்று சிலிண்டர் 25, ஒன்று மட்டும் 18 என்றால் அது ஒரு கதை, நாலும் 19 என்றால் வேறு கதை.

புகையும் பேசும். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால், அது ராத்திரி முழுக்க வால்வு கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) வழியே சொட்டிய ஆயில். ஏற்றத்தில் லோடு இழுக்கும்போது விடாமல் நீலப் புகை வந்தால் ரிங். கருப்புப் புகை டீசல் கூடுதலாக, அல்லது காற்று குறைவாகப் போவதால் வருவது, அதற்கு டீசலைத் தெளிக்கும் நாசிலையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள், எஞ்சினைப் பிரிக்க வேண்டாம்.

## வழி 1: ஊற்றி ஊற்றி ஓட்டுவது

இதைக் கேவலமாகப் பார்க்க வேண்டியதில்லை. கணக்குப் போடுங்கள். 500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது, வருடத்துக்கு 6000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் 12 லிட்டர். சாதாரண 15டபிள்யூ-40 ஆயில் லிட்டர் 350 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 4200 ரூபாய். எஞ்சின் வேலைக்கு ஆகும் பணத்தில் இப்படிப் பல வருடம் ஊற்றலாம்.

ஆனால் மறைவான செலவு மலையில்தான் தெரியும். டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டில் ஆயில் நிற்கும் ஜீப்பைச் செங்குத்தான ஏற்றத்தில் ஏற்றினால், சம்ப்பில் உள்ள ஆயில் முழுக்கப் பின்பக்கம் போய்விடும். உறிஞ்சுகிற குழாய் காற்றை இழுக்கும். பேரிங் கருக அதிக நேரம் வேண்டாம். அதற்குப் பயந்து மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் அது இன்னொரு ஆபத்து. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், பிரீதர் வழியே கக்கும், அந்த ஆயில் இன்டேக் வழியாக உள்ளே போனால் டீசலே இல்லாமல் அந்த ஆயிலை எரித்துக்கொண்டு எஞ்சின் வேகம் தானாக ஏறிப்போகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று போகிற வழியை அடைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அப்புறம் பின் சீல் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால் ஏற்றத்தில் வழுக்கும். எஞ்சின் மவுன்ட் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பும். சைலன்சர் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கலாம். ஓடையைக் கடக்கிற பாதையென்றால் நாம் சொட்டவிடுவதைக் கீழே யாரோ குடிக்கிறார்கள், எனக்கு இது பெரிய விஷயம்.

பிரஷர் நன்றாக இருந்து, சமதளத்தில் குறைவாக ஓடி, ஒன்றிரண்டு வருடத்தில் கைமாற்றப் போகிற வண்டிக்கு இந்த வழி போதும். கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்து, இறுகிப்போன ரப்பர் சீலைக் கொஞ்ச நாள் இளக்கும், அவ்வளவுதான். 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயில் கசிவைக் குறைக்கும், குளிரில் ஸ்டார்ட் ஆவதைக் கடினமாக்கும்.

## வழி 2: கசிவை மட்டும் அடைப்பது

பேக் கம்ப்ரஷன் குறைவு, பிரஷர் சரி, கசிவு மட்டும்தான் தொல்லை என்றால் இதுதான் சரியான வேலை. டேப்பட் கவர் பேக்கிங், சம்ப் பேக்கிங், டைமிங் கவர், முன் சீல், ஆயில் ஃபில்டர் அடி, பிரஷர் சுவிட்ச். இந்த வரிசையில் மலிவானதிலிருந்து தொடங்குங்கள்.

சம்ப் போல்ட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் கசிவு நிற்கும் என்று நினைப்பவர்கள் அதிகம். தகர சம்ப்பின் விளிம்பு போல்ட் ஓட்டையைச் சுற்றி வளைந்து, நடுவில் இடைவெளி விட்டு, இன்னும் அதிகமாகத்தான் ஒழுகும். கழற்றி, தட்டையான இரும்பின் மேல் வைத்துச் சுத்தியால் விளிம்பை நேராக்கி, பழைய பேக்கிங் துணுக்கு ஒன்றுகூட இல்லாமல் சுரண்டி, அப்புறம் புதுசு போடுங்கள். சிலிகான் பேஸ்ட்டை மெல்லிய கோடாக இடுங்கள். அள்ளி அப்பினால் உள்ளே பிதுங்கி உடைந்து ஆயில் பம்ப் வலையை அடைக்கும்.

முன் சீலைக் கழற்றும்போது கிராங்க் புல்லியில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். வருடக்கணக்கில் உரசி ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது புது சீலை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம்.

பின் சீல்தான் பெரிய வேலை, சீல் விலை அற்பம், கூலிதான் செலவு. டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ், கிளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் இறங்க வேண்டும். சில பழைய எஞ்சின்களில் ரப்பர் வளையத்துக்குப் பதிலாகக் கயிறு மாதிரித் திரித்த சீல் இருக்கும், அதை உட்கார வைக்கக் கைப்பழக்கம் வேண்டும்.

இங்கேதான் என் அனுபவம். என் ஜீப்பில் பின் சீல் ஒழுகியது, மாற்றினேன். நான்கு மாதத்தில் மறுபடி ஒழுகியது. சீல் மட்டம் என்று சொல்லி அதே பட்டறையில் மறுபடி கியர் பாக்ஸை இறக்கி வேறு சீல் போட்டார்கள். மூன்று மாதம். பேக் கம்ப்ரஷன் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கும் தோன்றவில்லை, எனக்கும் அப்போது தெரியாது. ரிங் தேய்ந்து உள்ளே காற்று அடித்துக்கொண்டிருந்தது, அது எங்கேயாவது வெளியே வந்தாக வேண்டும், பலவீனமான இடம் பின் சீல். இரண்டு தடவை கூலி, இரண்டு தடவை கிளட்ச் பிளேட், அத்தனைக்கும் அப்புறம் எஞ்சின் வேலை. தேய்ந்த எஞ்சினில் புது சீல் நிற்காது.

## வழி 3: ரிங் மட்டும் மாற்றும் பாதி வேலை

பலரும் விரும்புவது இதைத்தான், முழு வேலையில் பாதிப் பணம்கூட ஆகாதே என்று. ஆனால் பெரும்பாலான பழைய ஜீப்புக்கு நான் சிபாரிசு செய்யாதது இந்த வழிதான்.

காரணம் சொல்கிறேன். லைனர் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தேயும். மேல் ரிங் நிற்கிற இடத்துக்குச் சற்று மேலே ஒரு படி உருவாகியிருக்கும். அந்தத் தேய்ந்த குழாயில் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது சுவரோடு பொருந்தாது. மேலே உள்ள படியில் இடித்து உடையவும் கூடும். கொஞ்ச நாள் புகை குறைந்த மாதிரி இருக்கும், பிறகு பழைய நிலைதான். மேல்பாகத்தில் கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டுக் கீழே தளர்ந்த பேரிங்கை அப்படியே விட்டால் அதற்கும் சுமை கூடும்.

சரியாக வரும் சூழல் ஒன்று உண்டு. முன்பே முழு வேலை பார்த்து அதிகம் ஓடாத எஞ்சின், ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவு, பிரித்துப் பார்த்தால் ரிங் உடைந்தோ ஒட்டியோ இருக்கிறது, சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜில் தேய்மானம் பத்தில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. அப்போது லைனரை ஹோன் செய்து (உட்சுவரை லேசாகத் தேய்த்து), ரிங் மாற்றி, கான் ராடு (பிஸ்டனையும் கிராங்க்கையும் இணைக்கும் கம்பி) பேரிங்கையும் புதுசு போட்டு, வால்வு அரைத்து மூடலாம். அளவு பார்க்காமல் "ரிங் மட்டும் போதும்" என்று வாயால் சொல்லும் பட்டறையை நம்பாதீர்கள்.

## வழி 4: முழு எஞ்சின் வேலை

ஐட்லிங்கில் பிரஷர் 1 பாருக்குக் கீழே, பேக் கம்ப்ரஷன் அதிகம், நாலு சிலிண்டரும் இறங்கியிருக்கிறது, வண்டியை இன்னும் பத்து வருடம் வைத்திருக்க ஆசை. இதற்கு வேறு வழி இல்லை. லைனர் பிஸ்டன் கிட் அல்லது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போர் வேலை, கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங், கான் ராடு பேரிங், புஷ், ஆயில் பம்ப், ஹெட் வேலை, எல்லா சீலும்.

கிராங்க்கை ஒவ்வொரு தடவை அரைக்கும்போதும் 0.25 மில்லிமீட்டர் குறையும், பேரிங் அதற்கேற்ற அண்டர் சைஸில் கிடைக்கும்: 0.25, 0.50, 0.75. உங்கள் கிராங்க் ஏற்கெனவே எத்தனையாவது சைஸில் இருக்கிறது என்று பிரித்தவுடன் கேளுங்கள். கடைசி சைஸில் இருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டும், அது பட்ஜெட்டையே மாற்றும்.

பட்டியலில் வராத செலவுகளும் இருக்கின்றன. நாசிலும் டீசல் பம்ப்பும் செட்டிங் பார்க்காமல் புது எஞ்சினை ஓட்டினால், கூடுதலாக ஊற்றும் டீசல் லைனர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். அடைந்த ரேடியேட்டரை அப்படியே திருப்பி மாட்டினால், கொஞ்ச நாளில் சூடேறிப் புது பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பிளேட், ஹோஸ், எஞ்சின் மவுன்ட் எல்லாம் அப்போதே மாற்றுவது நல்லது. லேத்தில் வேலை முடிந்ததும் பிளாக்கின் ஆயில் ஓட்டைகளைப் பிரஷ் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள். அரைத்த தூள் ஒரு சிட்டிகை உள்ளே தங்கினால் புது பேரிங்கை அதுவே தின்றுவிடும்.

எம்எம் 540இல் இருப்பது பெஜோ உரிமத்தில் மஹிந்திரா தயாரித்த எக்ஸ்டிபி 4.90. 90 மில்லிமீட்டர் போர், 2112 சிசி. உற்பத்தி நின்று பல வருடம் ஆகிவிட்டது. ஆகவே உதிரிபாகங்கள் முழுவதையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த பிறகு எஞ்சினை இறக்குங்கள். ஒரு பேரிங் செட்டுக்காக ஜீப் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்பது சாதாரணமாக நடக்கிறது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றி, ஆயிரம் வரை மூட்டை ஏற்றாமல் ஓட்டுங்கள்.

## வழி 5: கழட்டின எஞ்சினை ஏற்றுவது

பொலிரோவின் 2523 சிசி டிஐ எஞ்சின் பழைய ஜீப்பில் ஏறுவது நம் பக்கம் புதிதல்ல. கீழ் ஆர்பிஎம்மில் இழுவை நன்றாக இருக்கும், பாகங்கள் ஊர் ஊராகக் கிடைக்கும், தெரியாத மெக்கானிக் இல்லை. சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ தேடினால் கிடைக்கும்.

ஆனால் எஞ்சின் விலை மட்டும் விலையல்ல. மவுன்ட் மாற்ற வெல்டிங், பெல் ஹவுசிங் பொருத்தம், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், வயரிங். அந்த எஞ்சினின் பூர்வீகமும் தெரியாது. அதற்கும் சீல், கிளட்ச் போட்டுத்தான் ஏற்ற வேண்டும். குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்து, அரை மணி ஓடவிட்டு, பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

பேப்பர் வேலை இன்னும் முக்கியம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது. எஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதியும், புது எண்ணை ஆர்சியில் பதிவதும் வேண்டும். விற்றவரின் பில், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணம் இரண்டும் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். எண் ஒத்துப்போகாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் பணம் வருவது சந்தேகம்.

## அளந்ததை வைத்துப் பார்த்தால்

| அளவீட்டில் தெரிவது | நான் போகும் வழி | கவனிக்க வேண்டியது |
|---|---|---|
| பிரஷர் சரி, பேக் கம்ப்ரஷன் இல்லை, சொட்டுகிறது | கசிவை அடைப்பது | பிரீதர், புல்லியில் பள்ளம் |
| பிரஷர் சரி, கொஞ்சம் பேக் கம்ப்ரஷன், சமதள ஓட்டம் | ஊற்றி ஓட்டுவது | வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் |
| ஒரு சிலிண்டர் மட்டும் குறைவு, லைனர் அளவு சரி | ரிங் வேலை | போர் கேஜ் அளவு |
| பிரஷர் குறைவு, நாலு சிலிண்டரும் குறைவு | முழு வேலை | கிராங்க் சைஸ், ரேடியேட்டர் |
| பிளாக் வெடிப்பு, அல்லது கிராங்க்கும் பாகங்களும் கிடைக்கவில்லை | வேறு எஞ்சின் | பில், ஆர்டிஓ அனுமதி |

ஆர்சி புதுப்பிப்பையும் கணக்கில் சேருங்கள். 15 வருடம் தாண்டிய காருக்கும் ஜீப்புக்கும் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5000 ரூபாய், 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கினார்கள். பிஎஸ் 4 புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டிக்குப் புகை அளவு 65 எச்எஸ்யூவுக்குள் (புகையின் அடர்த்தி அளவு) இருக்க வேண்டும். ஆறு மாதத்தில் ஆர்சி முடிகிற ஜீப்புக்கு எந்த வேலையானாலும் அதற்கு முன்னால் முடிப்பதுதான் லாபம்.

## நண்பரின் ஜீப்

சொன்னபடி எல்லாம் அளந்தார். சூட்டில் ஐட்லிங் பிரஷர் 1.4 பார். கம்ப்ரஷன் 23, 24, 22, 23. மூடி அதிர்ந்தது, துள்ளவில்லை, அதுவும் பிரீதரைக் கழற்றிச் சேற்றைக் குத்தி எடுத்த பிறகு பாதியாகக் குறைந்தது. பெல் ஹவுசிங் அடியில் சொட்டியதில் கந்தக வாடை, ஆக அது கியர் பாக்ஸ் முன் சீல். எஞ்சின் ஆயில் வந்தது டேப்பட் கவரிலிருந்து. ஏற்றத்தில் நீலப் புகை மட்டும் நிஜம், ரிங் தேயத் தொடங்கியிருக்கிறது.

செட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். டிஐ எஞ்சினும் இப்போது வேண்டாம். கியர் பாக்ஸ் எப்படியும் இறங்குவதால் அதன் முன் சீலோடு எஞ்சின் பின் சீலையும் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து மாற்றுகிறார், மேலே டேப்பட் கவர் பேக்கிங். டேஷ்போர்டில் மெக்கானிக்கல் கேஜ் நிரந்தரமாக ஏறுகிறது. சூட்டில் முள் 1 பாருக்குக் கீழே இறங்குகிற நாளில் முழு வேலை, அதுவரை மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைத்து லைனர் கிட், பேரிங் செட் என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்க்கப் போகிறார். முதலில் லைனர் கிட்டுக்கு மதுரையில் சொல்லி வைத்திருக்கிறார், வந்ததும் அளந்து பார்க்க நானும் போகிறேன்.